ராஜாவின் பெயர் தலையில்லாமல் போன கதை

முள்ளம்பன்றிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த காலம் அது. காகம் ஒரு வம்பைக் கொண்டுவந்தால் மாடு காது கொடுத்துக் கேட்கும். மாடு சொன்னதை மனிதர்கள் நம்புவார்கள். துகேலா ஆற்றுக்கு வடக்கே, புல் மூடிய குன்றுகளில் சூலு மக்கள் வாழ்ந்த நாட்டில், அப்போது புதிதாக ஒரு ராஜா பட்டத்துக்கு வந்திருந்தார்.

அவர் பெயர் ம்பாண்டே.

சொல்லிப் பாருங்கள். தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் நம் நாக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். சேர்க்கக் கூடாது. உதடுகளை மூடி, உள்ளுக்குள்ளேயே ஒரு 'ம்' சொல்லி, அதன் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

அந்த மக்களின் மொழியில் வேருக்கு இம்பாண்டே என்று பெயர். முன்னால் இருக்கிற இகரத்தை எடுத்துவிட்டால் ராஜாவின் பெயரும் அதே சொல்தான். சிங்கம் என்றும் இடி என்றும் பெயர் வைத்துக்கொள்கிற உலகத்தில், மண்ணுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து மரத்தையே தாங்குகிற ஒன்றின் பெயரை ஒரு ராஜாவுக்கு வைத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் ஆண்டவர்கள் ஈட்டியோடு வந்தார்கள், ஈட்டியோடு போனார்கள். இவர் சத்தமில்லாமல் இருந்தார். பின்னாளில் குலம் தழைத்ததும் இவரிடமிருந்துதான். பட்டமேறிய அப்போதே குன்றுக்குக் குன்று அந்தப் பெயரை எல்லோரும் மெச்சினார்கள்.

மெச்சினார்களே தவிர, சொல்ல முடியவில்லை. பட்டமேறிய கையோடு அரசரின் ஆள் ஒவ்வொரு முகட்டிலும் ஏறி நின்று கூவிவிட்டுப் போனான்.

"கேளுங்க, கேளுங்க! நம்ம ராஜாவோட பேரு இனிமே எந்த ஒரு வாயிலயும் இருக்கக் கூடாது! மனுஷ வாயானாலும் சரி, மிருக வாயானாலும் சரி! அந்தப் பேரு மாதிரி இருக்கிற சொல்லும் கூடாது! சொன்ன வாய் இருக்கிற வீடு இருக்காது!"

பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லாமல் இருப்பது அந்த மக்களின் பழைய மரியாதைதான். ஆனால் இந்த முறை ராஜாவின் பெயரோடு சேர்ந்து வேர் என்ற சொல்லும் நாட்டை விட்டுப் போய்விட்டது. வேர்கள் மட்டும் மண்ணுக்குள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அதிகம் திண்டாடியது முள்ளம்பன்றிதான். அது உயிர் வாழ்வதே வேரைத் தின்றுதான். "என்ன தின்னுட்டு வந்தேன்னு பொண்டாட்டி கேக்கறா," என்று அது எதிரில் வந்தவர்களிடமெல்லாம் புலம்பியது. "நான் என்னத்தைச் சொல்ல? பேசாம நிக்கறேன். வேற எவ வளைக்கோ போய்த் தின்னுட்டு வந்திருக்கேன்னு நினைக்கறா!"

அந்தக் குன்றுகளில் ஒன்றில் நோமுசா என்ற புது மருமகள் இருந்தாள். கடலோரப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள். கணவன் ராஜாவின் படையில் இருந்தான். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். தேன்கூடு போல உருண்டையாகப் புல்லால் வேய்ந்த அந்த வீட்டில் அவளும் மாமியாரும்தான். மாமியார் குமாலோ குலத்துப் பெண். அதனால் ஊரே அவளை மாகுமாலோ என்று அழைத்தது. மரியாதைப் பேச்சில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சொல்லக் கூடாத ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல்லைத் தயாராக வைத்திருப்பாள். அவள் வாய் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

நோமுசாவுக்கோ வாயைத் திறக்கவே பயம். மருமகளுக்கு ராஜாவின் பெயர் மட்டுமா கூடாது? இறந்துபோன மாமனாரின் பெயரும் கூடாது. அவர் பெயர் மான்சி. அந்த மொழியில் தண்ணீருக்கும் ஏறத்தாழ அதே சத்தம். அதனால் தண்ணீரைக் 'குளிர்ந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை தவறினாலும் தன்னால் இந்த வீடு எரியும் என்று அவள் நடுங்கினாள். ஆகவே ஒன்றைச் சொல்வதற்கு முன் உதட்டை மூடிக்கொண்டு, சொல்லப்போவதை உள்ளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வாள். அப்போது அவளை அறியாமல் மூக்கு வழியாக ஒரு சத்தம் வரும். ம்...

"குளிர்ந்தது கொண்டுவந்தியா?" என்று மாமியார் கேட்பாள்.

"ம்... கொண்டுவந்தேன்மா."

"மாடு கட்டினியா?"

"ம்... கட்டினேன்மா."

"ம், ம், ம்! எம்மவன் பொண்ணைக் கட்டிட்டு வரச் சொன்னா தேனீயைப் பிடிச்சிட்டு வந்திருக்கான். ஏன்டி, என்னைக்காவது தேன் வைப்பியா, இல்ல இப்படியே இரைஞ்சுக்கிட்டேதான் இருப்பியா?"

இதைக் காகம் கேட்டுவிட்டது. காகம் கேட்டால் நாடே கேட்ட மாதிரி. அன்று முழுக்க வழியில் பார்த்த கன்றுக்குட்டிகூட "தேனீம்மா, சௌக்கியமா?" என்றது.

ஒருநாள் காலையில் மாகுமாலோ எழுந்திருக்கவில்லை. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. முகம் சாம்பல் பூத்திருந்தது. நோமுசா பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மருமகளே," என்றாள் மாகுமாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு. "கல்முகட்டு மேல சாம்பல் நிறத்துல இலை விடற செடி இருக்கே, பார்த்திருக்கியா?"

"ம்... பார்த்திருக்கேன்மா."

"இலையைக் கொண்டு வந்துடாதே. இலை ஆளைக் கொல்லும். பட்டை அதைவிட மோசம். எனக்கு வேணும்கிறது அதோட..."

பேச்சு அங்கேயே நின்றது. வலி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனது.

"ம்... அதோட?"

"அதான்டி. அது."

"புரிஞ்சுதும்மா."

"என்ன புரிஞ்சுது? சொல்லு பார்ப்போம்."

"ம்... சொல்லக் கூடாததுன்னு புரிஞ்சுதும்மா."

அந்த வலியிலும் மாகுமாலோவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உயிர் போகிற நேரத்திலும் அந்தச் சொல்லை வாயில் எடுக்காத மாமியாரைப் பார்த்து நோமுசாவுக்குக் கண் நிறைந்தது.

"உச்சிப் பொழுதுக்குள்ள வந்து சேரு," என்றாள் மாகுமாலோ. "அதுக்கு மேல இந்த வயிறு பொறுக்காது."

நோமுசா ஓடினாள். வழியில் முள்ளம்பன்றியைக் கண்டாள். "மாமா, என்கூட வாங்க, தோண்டணும்," என்றாள். அது எதைத் தோண்ட வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது என்று அதற்குத் தெரியும். முட்கள் சலசலக்கப் பின்னாலேயே வந்தது.

கல்முகட்டின் மேலே வந்ததும் இருவரும் திகைத்து நின்றார்கள். சாம்பல் இலைச் செடி ஒன்றுகூட இல்லை. இருந்த இடமெல்லாம் குழி. மண் இன்னும் காயவில்லை.

"என் இனத்துல யாரும் இப்படித் தோண்ட மாட்டாங்க," என்றது முள்ளம்பன்றி மூக்கை உறிஞ்சி. "இது இரும்பு."

பாறைக்கு அப்பால் ஒரு குதிரை நின்றது. அதன் முதுகில் காகம் உட்கார்ந்திருந்தது. குதிரையின் நிழலில் ஓர் ஆங்கிலக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெரிய தோல்பையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாடெல்லாம் அலைந்து செடிகளைப் பிடுங்கிச் சேர்க்கிறவர் அவர். மக்கள் அவருக்குச் செடிக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பையின் வாயில் சாம்பல் இலைகள் தெரிந்தன.

"வாங்க தேனீம்மா, வாங்க!" என்றது காகம். "இவரு ரொம்ப நல்ல மனுஷன். ஆனா பாவம், ஒரே ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டு ஊரையே விரட்டிட்டாரு."

செடிக்காரர் எழுந்து தொப்பியைத் தூக்கி வணங்கினார். அவருக்கு அவர்கள் மொழி கொஞ்சம் வரும். "அம்மா, நான் எல்லாரையும் கேட்கிறேன்," என்றார் வருத்தமாக. "உங்கள் ராஜாவின் பெயர் என்ன? உடனே எல்லாரும் ஓடுகிறார். கிழவர் ஓடுகிறார். கிழவரின் நாயும் ஓடுகிறது. என் ஊரில் புத்தகம் அச்சடிக்கிறார்கள். இந்தச் செடிகள் எந்த ராஜாவின் நாட்டில் வளர்ந்தன என்று அதில் வர வேண்டும். செடியின் பெயர் தெரியும், ராஜாவின் பெயர் தெரியாது என்றால், எனக்கு வெட்கம்."

"நான்தான் சொல்லிட்டேனே துரை," என்றது காகம். "தின்னுகொழுத்தான். அப்படியே எழுதிக்கோ."

"யாரும் வேறு சொல்லவில்லை என்றால் அதை எழுதுவேன்," என்றார் செடிக்காரர். அவருக்கு அதன் பொருள் தெரியாது. முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் விறைத்து நின்றன.

நோமுசாவுக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. பையைக் காட்டினாள். "ம்... ஐயா, எங்க மாமியார் சாகக் கிடக்காங்க. அந்தச் செடியோட ஒண்ணு வேணும்."

"எந்த ஒன்று?"

"ம்... அதோட காலு."

செடிக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு புரிந்ததுபோல் தலையாட்டி, ஒரு தண்டை ஒடித்து நீட்டினார்.

"ம்... இல்லைங்க. மண்ணுக்குள்ள இருக்குமே."

அவர் பையின் அடியில் கையை விட்டு ஒரு மண்புழுவை எடுத்துக் காட்டினார்.

"ம்... இல்லைங்க ஐயா! செடி பிடிச்சுக்கிட்டு நிக்குமே, அந்தப் பிடி."

அவர் தன் மண்வெட்டியின் பிடியைக் கொடுத்தார். காகம் சிரித்துச் சிரித்துக் குதிரையிலிருந்து விழப் பார்த்தது. நோமுசா வானத்தைப் பார்த்தாள். சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

முள்ளம்பன்றிக்குப் பொறுமை போய்விட்டது. குழியின் ஓரத்தில் அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு புதர் வேரைக் கடைவாயில் வைத்து ஒரே கடியாகக் கடித்தது. சத்தம் முகடெல்லாம் கேட்டது. வண்டிமாட்டை ஓட்டுகிறவர் நாக்கின் ஓரத்தைக் கன்னத்தில் ஒட்டி இழுத்து ஒரு சொடுக்குப் போடுவாரே, அச்சு அசலாக அந்தச் சத்தம்.

நோமுசா அதைக் கேட்டாள். நாக்கின் ஓரத்தால் தானும் ஒருமுறை சொடுக்கிப் பார்த்தாள். சொடுக்கின் முன்னும் பின்னும் கொஞ்சம் ஒலி சேர்ந்து தானாக ஒரு சொல் வந்து விழுந்தது.

"இங்க்ஸாபோ!" என்றாள்.

நாம் 'க்ஸ' என்று எழுதினாலும் அந்த இடத்தில் இருப்பது எழுத்தில்லை, முள்ளம்பன்றியின் கடி. செடிக்காரர் அதன் வாயைப் பார்த்தார், அதில் தொங்கியதைப் பார்த்தார். "ஆ!" என்று பையிலிருந்து சாம்பல் இலைச் செடியின் வேர் ஒன்றை எடுத்தார். நோமுசா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. "இந்தச் செடி வேறு எங்கும் இல்லை. கடல் தாண்டிக் கொண்டுபோக வைத்திருக்கிறேன்," என்றார் தயக்கத்துடன். "தருகிறேன், அம்மா. ஆனால் எனக்கும் நீங்கள் ஒன்று தர வேண்டும். அந்தப் பெயர்."

அவருக்குத் தெரியாது, அவர் கையில் பிடித்திருந்த பொருளின் பெயரைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று.

நோமுசா வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் வீட்டில் கிடக்கிறவள் போய்விடுவாள். சாகும்போதும் வாய் தவறாத ஒருத்தியைக் காப்பாற்றத் தன் வாய் தவற வேண்டுமா? அரசரின் ஆள் கூவியது காதில் மறுபடி ஒலித்தது. எந்த ஒரு வாயிலயும் இருக்கக் கூடாது. எந்த ஒரு வாயிலயும்.

அவள் பொத்தியிருந்த கையை எடுத்தாள். ஒரு வாயில்தானே இருக்கக் கூடாது?

சட்டென்று குனிந்து முள்ளம்பன்றியின் காதில் சொன்னாள். "மாமா, நான் உதட்டை மூடித் திறந்ததும் நீங்க 'பான்'னு சொல்லணும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லக் கூடாது."

"பான்னா என்ன?"

"ம்... ஒண்ணுமில்லை மாமா. தனியா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அதனாலதான் உங்களைச் சொல்லச் சொல்றேன்."

பிறகு காகத்தைப் பார்த்தாள். காகம் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. "நான் எதுக்கு உனக்கு உதவணும்? நான் ஏற்கெனவே ஒரு பேரு கொடுத்தாச்சு."

"ம்... கடைசிச் சத்தம் உனக்குன்னு வெச்சிருந்தேன்," என்றாள் நோமுசா. "வேண்டாம்னா வேற யாரையாவது பார்க்கிறேன்."

எந்தப் பேச்சிலும் கடைசியாகப் பேசாவிட்டால் காகத்துக்குத் தூக்கம் வராது. "என்ன சொல்லணும்?" என்று குதித்துப் பக்கத்தில் வந்தது.

"டே. அவ்வளவுதான்."

மூவரும் செடிக்காரருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அவர் முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு பென்சிலைத் தயாராகப் பிடித்தார். காற்று நின்றது. குதிரைகூட மெல்லுவதை நிறுத்தியது.

நோமுசா உதடுகளை மூடினாள். எத்தனையோ நாள் பயத்தில் இரைந்த அதே சத்தத்தை, இந்த முறை பயமில்லாமல், ஒரு ராஜாவின் பெயருக்குத் தலையாக வைத்தாள்.

"ம்..."

"பான்!" என்றது முள்ளம்பன்றி.

காகம் கழுத்தை நீட்டியது. சொன்னதைச் சொன்னபடி சொன்னால் அது காகமா? கடைசிச் சத்தம் தன்னுடையது என்ற கர்வத்தில் அலகை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து கத்தியது.

"டாஆஆ!"

செடிக்காரரின் முகம் மலர்ந்தது. குனிந்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்.

"பாண்டா!"

நோமுசா திடுக்கிட்டாள். முள்ளம்பன்றி அவள் காலை உரசியது. "உன்னோடதை விட்டுட்டாரே!" என்று முணுமுணுத்தது. "நீ பேச்சுக்குப் பேச்சு ம், ம்னு இழுத்தியா, இதையும் அந்தக் கணக்குல தள்ளிட்டாரு. சொல்லித் திருத்து!"

அவள் சொல்ல வாயெடுத்தாள். அப்போது ஒன்று தோன்றியது. தலையில்லாத இந்தச் சத்தம் ராஜாவின் பெயரே இல்லை. இதை இவர் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஊர் ஊராகக் கூவினாலும், சந்தையில் சொன்னாலும், குடித்துவிட்டுச் சொன்னாலும், உண்மையான பெயர்மேல் ஒரு தூசு படாது. 'தின்னுகொழுத்தான்' என்பதற்கும் இடமில்லாமல் போயிற்று. மரியாதை முழுவதும் அந்த மூடிய உதட்டில்தான் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. கேட்காததை எதற்குக் கொடுக்க வேண்டும்?

எடுத்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

"சரிதானே, அம்மா?" என்றார் செடிக்காரர்.

"ம்," என்றாள் நோமுசா.

அவர் மகிழ்ச்சியோடு வேரை அவள் கையில் வைத்தார். போனால் போகிறதென்று இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தார். அவள் குன்றிலிருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்துக் குதிரையே அசந்துபோனது.

வேரைத் தட்டி, கொதிக்கவைத்து, ஆற்றி, மாமியாரின் தலையை மடியில் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். உள்ளே இறங்கியதா இல்லையா என்று தெரியாமல் நெடுநேரம் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் முள்ளம்பன்றி காத்திருந்தது. கூரைமேல் காகம் வந்து உட்கார்ந்தது, அதிசயமாக வாயைத் திறக்காமல். வெயில் சாயத் தொடங்கியபோது மாகுமாலோவின் முகத்திலிருந்து சாம்பல் விலகியது. கண்ணைத் திறந்தாள்.

"கொண்டுவந்துட்டியே," என்றாள். "யாருகிட்ட என்னன்னு கேட்டே? சொல்லு. வீடு எரியப்போகுதுன்னா நான் எழுந்து உட்காரணும்."

நோமுசா நடந்ததையெல்லாம் சொன்னாள். குழிகள், பை, கால், மண்புழு, மண்வெட்டிப் பிடி. மாகுமாலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வேணாம்டி, வலிக்குது!" என்றாள். முள்ளம்பன்றியின் கடியிலிருந்து பிறந்த புதுச் சொல்லை நோமுசா சொல்லிக் காட்டியதும் சிரிப்பை நிறுத்தினாள். தன் நாக்கின் ஓரத்தால் அதைச் சொடுக்கிப் பார்த்தாள். இன்னொரு முறை சொடுக்கினாள். நல்ல தானியத்தை வாயில் போட்டு ருசி பார்க்கிறவளைப் போல இருந்தது அவள் முகம்.

"இத்தனை வருஷமா எத்தனையோ சொல்லை மாத்தியிருக்கேன்," என்றாள். "இந்த மாதிரி ஒண்ணு எனக்கு அமையலை."

பிறகு பெயரைப் பற்றிச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"மூணு வாயில பிரிச்சே. எந்த வாயிலயும் முழுசா இல்லை."

"ம்... ஆமாம்மா."

"அந்த ஆளு எழுதிட்டுப் போனது?"

"ம்... உடம்பு மட்டும்தாம்மா."

"தலை?"

நோமுசா உதடுகளை மூடி, அவற்றின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

மாகுமாலோ தானும் உதட்டை மூடிக்கொண்டு, நிதானமாக, "ம்..." என்றாள். வெளியே முள்ளம்பன்றிக்கு, வீட்டுக்குள் இரண்டு தேனீக்கள் இருப்பதுபோலக் கேட்டது.

"இன்னைக்குத்தான்டி தேன் வெச்சிருக்கே," என்றாள் மாகுமாலோ.

புதுச் சொல்லை அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டார்கள், அவர்களிடமிருந்து அடுத்த குன்று கேட்டது. முள்ளம்பன்றிதான் முதலில் வீட்டுக்கு ஓடிப்போய், தான் தின்றது என்ன என்று மனைவியிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தது. அன்றைக்குப் பிறகுதான் அந்த ராஜாவின் நாட்டில் வேருக்கு இங்க்ஸாபோ என்று பெயர் வந்தது. செடிக்காரரின் தாளிலிருந்து அச்சுக்கு, ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்கு என்று ஆங்கிலத்தில் அந்த ராஜா 'பாண்டா' என்றே நடமாடினார். வெகுகாலம் கழித்துத்தான் அங்கே யாரோ காது கொடுத்துக் கேட்டு, விட்டுப்போன எழுத்தை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆனால் எழுத்தாக வைத்தாலும் அது மூடிய வாய்தான். நோமுசா அதைத் தன்னிடமே வைத்துக்கொண்ட அந்த நாளிலிருந்துதான், அந்த ராஜாவின் பெயரை முழுதாகச் சொல்ல நினைக்கிற எவரும், எந்த ஊர்க்காரரானாலும், முதலில் ஒரு கணம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.